‘லெட்டி லிண்டன்’ படத்தின் வெள்ளை ஆடை உண்மையிலேயே பெண்கள் உடையை மாற்றியதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. 1932இல் எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் ஸ்டுடியோ வெளியிட்ட ‘லெட்டி லிண்டன்’ படத்தில் நடிகை ஜோன் கிராஃபர்ட் போட்டுவந்த வெள்ளை ஆடையைப் போல ஐந்து லட்சம் ஆடைகள் விற்றதாகப் படித்திருக்கிறீர்கள். படத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. பார்க்கவே கிடைக்காத ஒரு படத்தின் உடை இத்தனை காலம் எப்படிப் பேசப்படுகிறது, அந்த எண்ணை நம்பலாமா, இப்படி நிலைத்த வேறு படங்கள் உண்டா என்கிறீர்கள். எத்தனை விற்றது என்பதும் எது நிலைத்தது என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு குழப்பம். முதல் கேள்விக்கு உறுதியான விடை கிடையாது. இரண்டாவதற்கு இருக்கிறது. பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான மாதிரி வரைவதும் உடை வரலாறு சொல்லிக்கொடுப்பதும் என் தொழில் என்பதால் துணியிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஆடையின் நிழற்படங்களைத் தேடிப் பாருங்கள், எளிதாகக் கிடைக்கும். வெள்ளை நிறம், தரையைத் தொடும் நீளம், கழுத்தை ஒட்டிய சிறிய காலர், இறுகிய இடுப்பு. கீழ் விளிம்பில் ஃப்ரில். தோளில் அடுக்கடுக்காக ஃப்ரில் வைத்துப் புடைத்து நிற்கும் பெரிய கைகள். மூல ஆடை எந்தத் துணியில் தைக்கப்பட்டது என்பதில் பதிவுகள் ஒத்துப்போகவில்லை. ஆர்கண்டி என்பார்கள், விறைப்பேற்றிய ஷிஃபான் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது விறைப்பாக நிற்கும், ஒளியை ஊடுருவ விடும் மெல்லிய துணி என்பதைப் படத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். வடிவமைத்தவர் ஏட்ரியன். எம்ஜிஎம்மின் தலைமை ஆடை வடிவமைப்பாளர். ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தின் சிவப்புக் காலணிகளும் அவருடைய கைவண்ணம்தான்.

அந்தக் கைகள் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தன? கிராஃபர்டின் தோள் இயல்பிலேயே அகலமானது. இடுப்பும் கால்களும் அந்த அகலத்துக்குச் சிறியவை. சாதாரண தையல்காரர் அந்த அகலத்தை மறைக்கப் பார்ப்பார். தோள் தையலை உள்ளே இழுப்பார், கழுத்தை இறக்கி வெட்டுவார். ஏட்ரியன் நேர்மாறாக, அகலத்தை இன்னும் அகலமாக்கினார். தோளை விரித்தால் அதற்குக் கீழே இருக்கும் இடுப்பு தானாகவே சிறுத்துத் தெரியும். இடுப்பில் ஓர் அங்குலம்கூடக் குறைக்காமலே மெலிந்த தோற்றம் வந்துவிடுகிறது. இது கண்ணின் கணக்கு. எந்த உடம்பிலும் பலிக்கும். பின்னால் நடந்தது அத்தனைக்கும் வேர் இதுதான் என்பது என் துணிபு.

கேமராவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரையில் பாதி நேரம் நடிகையின் மார்புக்கு மேல் மட்டுமே தெரியும். பாவாடையில் எவ்வளவு வேலைப்பாடு செய்தாலும் குளோசப்பில் அது பயன்படாது. உடை பேச வேண்டுமென்றால் கழுத்திலும் தோளிலும்தான் பேச வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறமும் கைகொடுக்காது. வடிவமும் துணியில் ஒளி விழும் விதமும் மட்டுமே மிஞ்சும். வெள்ளை ஃப்ரில் முகத்தைச் சுற்றி ஒளியைச் சிதறவிட்டது. இந்த இடத்தில் ஒப்பிட ஒரு நல்ல உதாரணம் பாரிஸ் வடிவமைப்பாளர் கோகோ ஷனெல். 1931இல் படத் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் அவரைப் பெரும் தொகை கொடுத்து ஹாலிவுட்டுக்கு வரவழைத்தார். குளோரியா ஸ்வான்சன் நடித்த ‘டுநைட் ஆர் நெவர்’ அவர் உடைகள் இடம்பெற்ற படங்களில் ஒன்று. அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. ஷனெலின் அழகு அடக்கத்தில் இருந்தது. அருகில் நின்று துணியைத் தொட்டால் புரியும் அழகு அது. திரைக்கு அது போதவில்லை. ஏட்ரியன் இருபது அடி உயரத் திரையில் எது எடுபடும் என்பதை அறிந்தே வெட்டினார்.

இனி, தொழில் தெரிந்தவர்கள்கூட அதிகம் பேசாத ஒரு விஷயம். இந்த ஆடை பரவியதற்கு அழகு மட்டும் காரணமில்லை, நகல் எடுக்க இது மிக எளிது. அதே ஏட்ரியன் அடுத்த ஆண்டு ‘டின்னர் அட் எய்ட்’ படத்தில் ஜீன் ஹார்லோவுக்குச் செய்த வெள்ளை சாட்டின் ஆடையை எடுத்துக்கொள்ளுங்கள். அது கிராஸ் வெட்டு. அதாவது பாவுக்கும் ஊடுக்கும் (துணியின் நீள, குறுக்கு இழைகளுக்கு) நேராக வெட்டாமல் நாற்பத்தைந்து பாகையில் சாய்த்து வெட்டியது. அப்படி வெட்டினால் துணி இழுபடும், உடம்போடு ஒட்டி வழியும். ஆனால் துணி நிறைய வீணாகும். வெட்டியதைத் தொங்கவிட்டு, அது இழுபட்டு நின்ற பிறகுதான் கீழ் விளிம்பை மடிக்க முடியும். யார் போடுகிறாரோ அவர் உடம்பின் மேல் வைத்தே பொருத்த வேண்டும். மொத்தமாகத் தைத்து அளவு வாரியாக அடுக்கி விற்கும் தொழிற்சாலைக்கு அது பெரும் தலைவலி. அந்த வகை ஆடை புகழ்பெற்றது உண்மை. ஆனால் நல்ல நகல் எடுப்பது கடினம்.

லெட்டி லிண்டன் ஆடை அப்படியில்லை. ஃப்ரில் என்பது நேராக வெட்டிய பட்டையைச் சுருக்கி வைப்பது. தையல் பழகிய எந்தப் பெண்ணும் வீட்டிலேயே செய்துவிடுவார். ஆர்கண்டி பருத்தித் துணி. அமிலத்தில் பதப்படுத்தி விறைப்பேற்றுவதால், கஞ்சி போடாமலே சுருக்கம் நிமிர்ந்து நிற்கும். பெரிய கைக்கு அளவு கச்சிதமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஃப்ரில் அதை மறைத்துவிடும். இடுப்பை ஒரு பட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இதைவிட முக்கியமானது, முழு ஆடையையும் நகலெடுக்க வேண்டியதே இல்லை. பழைய உடையின் கைகளைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதுக் கைகளை வைத்தாலே நாகரிகம் வந்துவிடும். 1932 அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தின் அடிமட்டத்தில் கிடந்தது. கையை மட்டும் மாற்றினால் போதும் என்பது அந்தப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள்.

கடைகளின் பங்கும் சேராமல் இந்தக் கதை நடந்திருக்காது. 1920களின் முடிவில் பாரிஸில் ஷான் பாத்து போன்றவர்கள் பாவாடை நீளத்தைத் திடீரென்று இறக்கிவிட்டார்கள். குட்டைப் பாவாடையில் எடுத்து முடித்து வெளியீட்டுக்குக் காத்திருந்த ஹாலிவுட் படங்கள் ஒரே பருவத்தில் பழசாகிப்போயின. பாரிஸைப் பின்தொடர்ந்தால் எப்போதும் ஒரு வருடம் பின்தங்கியே இருக்க வேண்டும் என்பதை ஸ்டுடியோக்கள் அப்போது உணர்ந்தன. தங்கள் சொந்த வடிவமைப்பாளர்களை முன்னிறுத்தத் தொடங்கின. பெர்னார்ட் வால்ட்மன் என்பவர் ஸ்டுடியோக்களுக்கும் கடைகளுக்கும் நடுவில் ஒரு நிறுவனத்தை நடத்தினார். வரப்போகும் படங்களின் உடை வரைபடங்களும் படங்களும் அவர் கைக்கு முன்கூட்டியே வந்துவிடும். எதெல்லாம் விற்கும் என்று தேர்ந்து தைக்கக் கொடுப்பார். படம் வெளியாகும் நேரத்தில் ஆடை கடையில் தொங்கும். ‘சினிமா ஃபேஷன்ஸ்’ என்ற பெயரில் நியூயார்க்கின் மேசிஸ் பேரங்காடியிலும் பின்னர் பல ஊர்களிலும் இந்தப் பிரிவுகள் இயங்கின. இந்த ஏற்பாட்டில் ஐயத்துக்கு இடமில்லை. சினிமா வரலாற்றாளர்கள் ஆவணங்களோடு எழுதியிருக்கிறார்கள்.

எண்ணுக்கு வருவோம். இரண்டு எண்கள் உலவுகின்றன. மேசிஸ் மட்டும் ஐம்பதாயிரம் விற்றது என்பது ஒன்று. நாடு முழுவதும் ஐந்து லட்சம் என்பது மற்றொன்று. சிலர் ஐந்து லட்சத்தையே மேசிஸ் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பத்து மடங்கு வித்தியாசத்தில் புழங்கும் ஓர் எண், எண்ணிப் பார்த்து வந்த எண்ணாக இருக்க முடியாது. ஸ்டுடியோ விளம்பரத் துறையும் கடை விளம்பரத் துறையும் சேர்ந்து பேசிய காலம் அது. பெரிய எண் இருவருக்குமே லாபம். ‘அதே ஆடை’ என்று எதை எண்ணினார்கள் என்பதும் தெளிவில்லை. காலர், இடுப்பு, கீழ் ஃப்ரில் எல்லாம் ஒத்த நகலையா, அல்லது கை புடைத்த எல்லா ஆடையையுமா? பின்னதை எண்ணினால் ஐந்து லட்சம் பெரிய எண்ணே அல்ல. முன்னதை எண்ணினால் ஐம்பதாயிரமே அதிகம். ஆகவே யாராவது இந்த எண்ணைச் சொன்னால், நிறைய விற்றது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரி இன்னொரு கதையும் உண்டு. 1934இல் வந்த ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ படத்தில் கிளார்க் கேபிள் சட்டையைக் கழற்றும்போது உள்ளே பனியன் இல்லை, அதனால் அமெரிக்காவில் பனியன் விற்பனை பாதிக்குப் பாதி, முக்கால்வாசி என்று விழுந்தது என்பார்கள். காட்சி உண்மை. விற்பனை சரிந்ததற்குக் கணக்கோடு கூடிய சான்றை யாரும் காட்டியதில்லை. சினிமா உடை பற்றிய செய்திகளில் காட்சியையும் கணக்கையும் இப்படித் தனித்தனியே பிரித்து வாசிக்கப் பழகிக்கொள்வது நல்லது.

அடுத்த ஐயம், இந்தக் கைகளை முதலில் கொண்டுவந்தவர் ஏட்ரியன்தானா என்பது. இல்லை என்றே சொல்வேன். 1930களின் தொடக்கத்திலேயே பாரிஸில் எல்ஸா ஸ்கியாபரெல்லி தோளை அகலமாக்கி வெட்டத் தொடங்கிவிட்டார். மார்செல் ரோஷாவையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. பஃப் கை அதற்கும் முந்தையது. 1890களில் பெண்களின் மேல்கை பலூன் போலப் புடைத்திருந்ததைப் பழைய நிழற்படங்களில் பார்க்கலாம். ஜேன் கெய்ன்ஸ், சார்லட் ஹெர்சாக் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் படத்தின் ஆடையையே எடுத்துக்கொண்டு, சினிமா தனியாக ஒரு நாகரிகத்தைப் பிறப்பித்தது என்ற கதையைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அவர்கள் வாதம் சரியென்றே படுகிறது. ஆனால் முதலில் செய்தவர் யார் என்பதும், ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தவர் யார் என்பதும் வேறு. பாரிஸ் உடையைப் பார்க்கக் காசும் தொடர்பும் வேண்டும். கிராஃபர்டைப் பார்க்க ஒரு டிக்கெட் போதும். அதுவும் கிராஃபர்டின் படங்களில் கடையில் வேலை செய்யும் பெண் உழைத்து மேலே வருவது வாடிக்கையான கதை. அவரைப் பார்க்க வந்த கூட்டத்தில் அப்படிப்பட்ட பெண்கள் ஏராளம். அந்த உடை தங்களுக்கும் ஆகும் என்று அவர்கள் நம்பியதில் வியப்பில்லை.

படம் ஏன் கிடைக்கவில்லை என்ற உங்கள் கேள்விக்கும் இந்த ஆடைக்கும் நேரான தொடர்பு உண்டு. மேரி பெல்லாக் லௌண்ட்ஸ் எழுதிய நாவலை எம்ஜிஎம் உரிமை வாங்கிப் படமாக்கியது. ஆனால் எட்வர்ட் ஷெல்டனும் மார்கரெட் ஏயர் பார்ன்ஸும் எழுதிய ‘டிஸ்ஆனர்ட் லேடி’ என்ற நாடகத்திலிருந்து காட்சிகளைத் திருடிவிட்டார்கள் என்று வழக்கு வந்தது. நாவலுக்கும் நாடகத்துக்கும் மூலம் ஒன்றே. 1857இல் கிளாஸ்கோவில் நடந்த ஒரு விஷச் சாவையொட்டி எழுந்த மெடலின் ஸ்மித் வழக்கு. பழைய வழக்கு யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் நாடகம் அதிலிருந்து புதிதாகக் கட்டிய காட்சிகள் சொந்தம் என்று 1936இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் தீர்ப்பளித்தார். இழப்பீட்டுக் கணக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1940இல் படத்தின் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று முடிந்தது. பதிப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் இந்தப் பெயரை அந்த வழக்குக்காகவே அறிவார்கள். படம் திரையிடலிலிருந்து விலக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் முறையான வெளியீடே இல்லாமல் கிடந்தது.

இதோடு ஆடையைச் சேர்த்துப் பாருங்கள். கதையை நகலெடுத்ததால் படம் முடங்கியது. ஆடையை நகலெடுக்க எந்தத் தடையும் இல்லை. அமெரிக்கச் சட்டம் உடையின் வெட்டையும் வடிவத்தையும் பயன்பாட்டுப் பொருளாகவே பார்க்கிறது. அதற்குப் பதிப்புரிமை கிடையாது. வால்ட்மன் மூலம் போனது அனுமதியோடு போன நகல். அதற்கு வெளியே மலிவு விலைத் தொழிற்சாலைகளும் வீட்டுத் தையல் மெஷின்களும் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டன. படம் மறைந்த பிறகும் ஜார்ஜ் ஹரல் எடுத்த கிராஃபர்டின் நிழற்படங்கள் பத்திரிகைகளில் இருந்தன. பேட்டர்ன் தாள்கள் இருந்தன. பஃப் கை போட்ட பெண்கள் இருந்தார்கள். ஒரு படத்தின் உடை நிலைக்க அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

அப்படியானால் எது நிலைத்தது? ஃப்ரில் நிலைக்கவில்லை. அது சில பருவங்களில் தணிந்துவிட்டது. தோள் நிலைத்தது. ஏட்ரியன் கிராஃபர்டுக்கு அடுத்தடுத்த படங்களில் ஃப்ரில்லை எடுத்துவிட்டு, உள்ளே பஞ்சு வைத்த பேட் மூலம் அதே அகலத்தைக் கொண்டுவந்தார். 1941இல் எம்ஜிஎம்மை விட்டு விலகி, 1942இல் பெவர்லி ஹில்ஸில் சொந்தக் கடை திறந்தார். அங்கே புகழ்பெற்றவை அகலத் தோளும் ஒடுங்கிய பாவாடையுமான கோட் சூட்டுகள். அதே 1942இல் அமெரிக்க அரசின் போர்க்கால உற்பத்தி வாரியம் எல்-85 என்ற ஆணையைக் கொண்டுவந்து, உடைக்குச் செலவாகும் துணியைக் கட்டுப்படுத்தியது. பலூன் கைகள் போன்ற துணி தின்னும் வெட்டுகளுக்குத் தடை. பத்து ஆண்டுகளுக்கு முந்தைய லெட்டி லிண்டன் கையை அப்போது தைத்து விற்றிருக்க முடியாது. ஆனால் பேட் வைத்த தோளுக்குத் துணி அதிகம் வேண்டாம். ஃப்ரில் கொடுத்த தோற்றத்தை, துணியே செலவழிக்காமல் பேட் கொடுத்துவிட்டது. போர்க்காலத்தில் வேலைக்குப் போன பெண்களின் உருவமே அந்தத் தோளாகிவிட்டது.

1947 பிப்ரவரியில் பாரிஸ் வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் சரிந்த தோளும் விரிந்த பாவாடையுமாக வந்து அதை ஒரேயடியாக முடித்துவைத்தார். முடிந்ததா என்றால் இல்லை. 1971இல் ஈவ் சான் லோரான் நாற்பதுகளின் தோளைத் திரும்பக் கொண்டுவந்து விமர்சகர்களிடம் கடும் வசவு வாங்கினார். எண்பதுகளில் அது அலுவலகங்களுக்கும் ‘டைனாஸ்டி’ போன்ற தொலைக்காட்சித் தொடர்களுக்கும் பரவியது. இந்தத் திரும்பல்கள் எல்லாமே நேராக லெட்டி லிண்டனிலிருந்து வந்தவை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்தது போர்க்காலத் தோளைத்தான். அந்தத் தோளை உருவாக்கியதில் ஏட்ரியனும் கிராஃபர்டும் பெரும் பங்குதாரர்கள். சங்கிலி இருக்கிறது, ஆனால் நடுவில் வேறு கைகளும் பிடித்திருக்கின்றன.

வேறு படங்கள் எவை என்று கேட்டீர்கள். எல்லோரும் முதலில் சொல்வது 1961இல் வந்த ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்’. ஆட்ரி ஹெப்பர்னின் கறுப்பு ஆடை, வடிவமைத்தவர் ஹ்யூபெர் த ஜிவான்ஷி. அதற்காகத் தைத்த ஆடைகளில் ஒன்று 2006இல் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 4,67,200 பவுண்டுக்குப் போனது. அந்தப் புகழுக்கு மறுப்பில்லை. ஆனால் எளிய கறுப்பு ஆடை அந்தப் படத்தில் பிறக்கவில்லை. 1926இலேயே அமெரிக்க ‘வோக்’ இதழ் ஷனெலின் கறுப்பு ஆடையை வரைந்து வெளியிட்டு, எல்லோரும் அணியப்போகும் உடை என்று சொல்லிவிட்டது. படத்தின் தொடக்கத்தில் ஹெப்பர்ன் அணிந்திருப்பது தரை தொடும் சாட்டின் ஆடை. அதை அப்படியே தைத்துப் போட்டுக்கொண்டவர்கள் மிகக் குறைவு. பெண்கள் எடுத்துக்கொண்டது கறுப்பையும் எளிமையையும். அந்தப் படம் ஏற்கெனவே இருந்த ஒன்றுக்கு முகம் கொடுத்தது. அதுவும் சாதனைதான், ஆனால் லெட்டி லிண்டனின் சாதனை வேறு வகை.

என் பார்வையில் அதற்கு நெருக்கமாக நிற்பது 1977இல் வந்த ‘ஆனி ஹால்’. டயன் கீட்டன் தொளதொள பேன்ட், ஆண்கள் வெய்ஸ்ட்கோட், டை, அகல விளிம்புத் தொப்பி என்று வந்தார். ஆடை வடிவமைப்பாளராக ரூத் மார்லியின் பெயர் இருக்கிறது. பலவும் கீட்டனின் சொந்தத் துணிகள், வடிவமைப்பாளர் ரால்ஃப் லாரனின் உடைகளும் இருந்தன. நியூயார்க் தெருக்களில் பார்த்த பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டதாகக் கீட்டனே எழுதியிருக்கிறார். அங்கேயும் அதே இரண்டு அம்சங்களைப் பாருங்கள். உடம்பின் அளவு கச்சிதமாக இருக்கத் தேவையில்லை. புதிதாக எதையும் தைக்கவும் வேண்டாம், வீட்டில் அண்ணனுடைய டை கிடந்தால் போதும். ஆடம்பரமான உடைகள் நிறைய உள்ள படங்களைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: ஒரு பெண் அதில் எந்தத் துண்டை மட்டும் தனியே பிரித்தெடுத்து, தன்னிடம் இருக்கும் உடையோடு சேர்த்துப் போட்டுக்கொள்ள முடியும்? அப்படி எடுக்கக்கூடிய துண்டு இருந்தால் அது திரையரங்கை விட்டு வெளியே வரும். ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் நாயகி ஸ்கார்லெட் திரைச்சீலையில் தைத்துப் போடும் பச்சை ஆடை எவ்வளவு புகழ்பெற்றாலும் அப்படி வெளியே வரவில்லை. வால்டர் பிளங்கெட்டின் அந்த அருமையான வேலையை இன்று டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரேன்ஸம் மையம் பாதுகாத்துவருகிறது. அதன் கீழே இருக்கும் வளையப் பாவாடையை 1939இல் யாரும் பேருந்தில் போட்டுக்கொண்டு போயிருக்க முடியாது.